மஞ்சள் ஒயருக்கு ஓட்டை இல்லாத டிவி

புக்கிட் பாஞ்சாங்,
சிங்கப்பூர்.
சனிக்கிழமை காலை.

மரியாதைக்குரிய மச்சான் சவரிமுத்து அவர்களுக்கு,

உங்கள் தங்கை அல்போன்சம்மாளின் கணவன் அற்புதராஜ் வணக்கத்தோடு எழுதுவது. கிள்ளானில் நீங்களும் அக்காவும் ஆண்டவர் தயவில் சுகமாக இருப்பீர்கள் என்றும், உங்கள் முழங்கால் வலி மாடிப்படியில் மட்டும் இருக்கும் அளவுக்காவது குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரியை எழுதுவதுதான் முறை. எழுதப் போனேன், பேனா நகரவில்லை. நான் சுகமாக இல்லை. உங்கள் தங்கை சுகமா என்பது எனக்குத் தெரியாது. அவள் என்னோடு பேசி இன்றோடு முப்பத்து நான்கு நாள் ஆகிறது.

இதை நான் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களுக்குக் கேட்க வேண்டுமென்றால் நான் கத்த வேண்டும், நான் கத்தினால் அடுத்த அறையில் இருப்பவளுக்குக் கேட்கும், அவளுக்குக் கேட்டால் முப்பத்து நான்கு அறுபத்தெட்டாகும். ஆகவே சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் முப்பத்தாறு வருடம் காணாமல்போன பெட்டிகளுக்கு விளக்கம் எழுதிய அதே கையால் இதையும் எழுதுகிறேன். நீளமாக இருந்தால் மன்னியுங்கள். சுருக்கி எழுத எனக்குத் தெம்பில்லை.

எல்லாம் ஒரு பழைய டிவியில் தொடங்கியது. எங்கள் படுக்கையறை மூலையில் இருந்த இருபத்தொன்பது அங்குலப் பெட்டியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், முன்னால் டிவியாகவும் பின்னால் கர்ப்பிணியாகவும் இருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வீட்டில் எதையாவது ஒழுங்குபடுத்த வேண்டும் என்று கை அரிக்குமே, அந்த அரிப்பு எனக்கும் வந்தது. நகர மன்றத்துக்குப் போன் போட்டேன். பெரிய சாமான்களை எடுத்துப் போகும் ஆட்கள் இரண்டு பேர் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தார்கள். அதில் ஒருவர் நல்ல மனிதர், டிவியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அங்கிள், இது இன்னும் ஓடும்போல இருக்கே, நிச்சயமா வேணாமா?” என்று கேட்டார். “தூக்கிட்டுப் போங்க தம்பி, இந்த வீட்டுல அதை யாரும் தொடுறதே இல்ல” என்றேன். அல்போன்சம்மாள் அப்போது சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். டிவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். லிஃப்ட் கதவு மூடியது. அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

முதல் இரண்டு நாள் எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் நாள்தான் சமையல் மேசையில் சீட்டுகள் வர ஆரம்பித்தன. எங்கள் மகள் டானியலா பள்ளிக்கூடத்தில் படித்தபோது மிச்சமான நோட்டுப் புத்தகத்தைக் கிழித்து, அழகான கையெழுத்தில், “மீன் வாங்கவும். சென்ற முறை மாதிரி வேண்டாம்” என்று இருந்தது. “வாயால சொன்னா என்ன?” என்று கேட்டேன். கையை இல்லை என்று ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்று மத்தியானம் வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று மணிக்குக் கண்ணைத் திறந்து பார்த்தால், உங்கள் தங்கை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் எங்கள் மகன் ஜெரார்டுக்குப் பத்து வயதில் வாங்கிக் கொடுத்த வீடியோ கேம் பெட்டி. கையில் அதன் ஒயர், நுனியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பிளக். எதிரே டிவி இருந்த மூலை. அங்கே சுவரில் டிவி அளவுக்கு ஒரு வெள்ளைச் சதுரம் மட்டும் இருந்தது. அவள் அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடனே பூன் லேயில் இருக்கும் டானியலாவுக்குப் போன் செய்தேன். “அம்மா ஏன்மா பேச மாட்டேங்கிறா?” என்றேன். “உங்களுக்குத் தெரியாதாப்பா?” என்றாள். அவள் கேட்ட தொனியில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “தெரியாம என்ன, தெரியும்” என்றேன். “அப்ப சும்மா கேள்வி கேட்டு அவங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க லா. ஒரு மாசம் பொறுத்துக்குங்க” என்று வைத்துவிட்டாள். ஆயுள் கைதிக்குக்கூட விசாரணை நடத்துவார்கள். எனக்கு நேரே தண்டனைக் காலம் அறிவிக்கப்பட்டது.

மெல்பர்னில் ஜெரார்டைக் கேட்டேன். அவன்தான் விவரம் சொன்னான். “அம்மா தினம் மூணு மணிக்கு விளையாடுவாங்களேப்பா. நான் என்எஸ்னு ராணுவப் பயிற்சிக்குப் போன நாள்லேருந்து. குடை பிடிச்ச பூனை கூரை விட்டுக் கூரை தாவுமே, அந்த கேம். போன வருஷம் இருபத்தேழாவது லெவல் போட்டோ எடுத்து அனுப்பினாங்க. இருபத்தெட்டோட முடியுது.” மச்சான், இருபது வருடம் தினம் ஒரு மணி நேரம். வேலையில் இருந்தபோது நான் ஷிப்டில் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு அதே அறையில், அதே கட்டிலில், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டிருக்கிறேன். அவள் சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்து விளையாடியிருக்கிறாள். நான் அந்த ஆட்களிடம் யாரும் தொடுவதில்லை என்று சொன்னேன்.

சரி, கூடத்தில் புது டிவி இருக்கிறதே, அதில் மாட்டிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அதன் பின்பக்கத்தை டார்ச் அடித்துத் தேடினேன். சப்பையாக நான்கு ஓட்டை, சதுரமாக ஒன்று, உருண்டையாக ஒன்று. மஞ்சளுக்கு இல்லை. டவுன்டவுன் ரயிலைப் பிடித்து லிட்டில் இந்தியாவில் இறங்கி, சிராங்கூன் சாலைக்குப் பின்னால் சேக் தாவூது என்பவர் வைத்திருக்கும் எலக்ட்ரானிக் கடைக்குப் போனேன். தீப்பெட்டி அளவில் ஒரு சாமான் கொடுத்தார். இந்தப் பக்கம் மஞ்சள் போகும், அந்தப் பக்கம் சப்பை வரும். வீட்டுக்கு வந்து மாட்டினேன், படம் வந்தது. தண்ணீருக்குள் இருந்து பார்ப்பது போல இருந்தாலும் படம்தானே. உங்கள் தங்கை வந்து உட்கார்ந்தாள். பித்தானை அழுத்தினாள். பூனை யோசித்தது. அப்புறம் தாவியது. அதற்குள் கூரை முடிந்துவிட்டிருந்தது. ஆறு முறை அழுத்தினாள், ஆறு பூனையும் தெருவில் விழுந்தன. எழுந்து போய் ஒரு சீட்டு எழுதி என் கையில் கொடுத்தாள். “இந்தப் பூனையும் சொல்வதைக் கேட்பதில்லை.” அந்த ‘உம்’மை நான் அன்று இரவு வரை யோசித்தேன். மறுநாள் திரும்பக் கடைக்குப் போனால் சேக் தாவூது கோபப்படவில்லை, கோப்பி வாங்கிக் கொடுத்தார். “அண்ணே, படம் வரும்னு சொன்னேன். அழுத்துன ஒடனே வரும்னு சொன்னேனா?” என்றார். சொல்லவில்லை. நியாயமான மனிதர்.

மறுபடியும் ஜெரார்ட். “அதுக்கெல்லாம் அப்ஸ்கேலர் வேணும்பா. பழைய கேம் அனுப்புற சின்னப் படத்தைப் புது டிவிக்குத் தகுந்த மாதிரி பெருசாக்கிக் கொடுக்கும், லேட் ஆகாது. என்கிட்ட ஒண்ணு சும்மாதான் கிடக்கு, அனுப்புறேன்” என்றான். ஐந்து நாளில் வந்தது. சோப்புப் பெட்டி மாதிரி கறுப்பாக, பார்க்க லட்சணமாக இருந்தது. வீடியோவில் அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பின்னாடி என்ன ஓட்டை இருக்கு?” என்றான். “சப்பையா ரெண்டு.” “மஞ்சள்?” “இல்ல.” “பச்சை, நீலம் ஏதாச்சும்?” “ஒரு கலரும் இல்லப்பா.” அவன் நெற்றியில் தட்டிக்கொண்டான். பிறகு, “ஸாரிப்பா. பழைய ஒயர் சொருக அதுக்குன்னு தனியா ஒரு போர்டு வாங்கிச் சேர்க்கணும். எனக்குத் தேவைப்படலை, நான் வாங்கவே இல்லை” என்றான். அதாவது மச்சான், பழைய படத்தைப் புதுப்பிக்கும் பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது, பழைய படம் அதற்குள் நுழைய வாசல் மட்டும் இல்லை.

அந்த வாசலை ஐரோப்பாவில் யாரோ ஒருவர் தன் வீட்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து விற்கிறாராம். ஜெரார்ட் சொல்லி வைத்தான். இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருந்தேன். அந்த நாட்களில் வீடு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். சீட்டு, சாப்பாடு, சீட்டு, ஜெபமாலை, சீட்டு. கோயிலில்கூட என் பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டு பாட்டுப் புத்தகத்தை மட்டும் பார்த்தாள். முப்பது வருடமாகப் பாடல்குழுவில் முதல் வரிசையில் நிற்கிறவள், ஆண்டவரோடும் பேச்சை நிறுத்திவிட்டாளே என்று எனக்குப் பயமாகிவிட்டது. கூரியர் கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரு பெண், “வந்துகிட்டு இருக்கு சார்” என்றது. முப்பத்தாறு வருடம் நான் ஊருக்கெல்லாம் சொன்ன அதே பதில். வந்துகொண்டிருக்கிறது என்றால் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்று அர்த்தம்.

ஒருவழியாகப் போர்டு வந்தது. உள்ளங்கை அளவு, ஓரத்தில் கலர் கலராக ஓட்டைகள். பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி அங்கே இருக்கும் பிளவில் செருகினால் போதும், ஐந்து நிமிட வேலை என்று கூட வந்த தாளில் எழுதியிருந்தது. நான்கு ஸ்க்ரூ. மூன்றைக் கழற்றி வைத்தேன், நான்காவது குதித்துவிட்டது. கட்டிலடியில், அலமாரிக்கடியில், மாதா படத்துக்குப் பின்னால் எல்லாம் முட்டி போட்டுத் தேடி, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் என் முட்டியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் போர்டைத் தள்ளினேன். போகவில்லை. இன்னும் தள்ளினேன். சப்பாத்திக் கட்டையை எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், நல்லவேளையாக, மேல்மாடி ஃபர்சானா வந்தாள். சாங்கியில் விமானங்களுக்கு மின்கருவி பழுது பார்க்கிற பெண். லிஃப்டில் பார்த்தபோது ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தேன். வந்ததும் முதலில், “ஆண்ட்டி பாவம் அங்கிள், எப்படித்தான் பொறுத்துக்கிறாங்களோ” என்றாள். எல்லோரும் உங்கள் தங்கை கட்சி. பிறகு என் கையைப் பார்த்தாள். “அங்கிள், கையை எடுங்க. மெதுவா. நீங்க அதைத் தலைகீழா வச்சுத் தள்றீங்க.” “ப்ளேன்ல எல்லாம் தள்ள மாட்டீங்களாம்மா?” என்று கேட்டேன். “போகலைன்னா ஏன் போகலைன்னு பார்ப்போம் அங்கிள். நீங்க தள்ளுன மாதிரி தள்ளுனா ப்ளேனும் இருக்காது, நானும் இருக்க மாட்டேன்” என்றாள்.

போர்டில் இரண்டு ஊசி வளைந்திருந்தது. ஃபர்சானா உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். “இது ஒடிஞ்சா முடிஞ்சுது அங்கிள். மறுபடியும் அந்த ஆள்கிட்ட சொல்லி, மறுபடியும் ரெண்டு வாரம்.” நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்க்ரூ தேடியதில் முதுகு வேறு பிடித்துக்கொண்டது. அப்போது உங்கள் தங்கை அறைக்குள் வந்தாள். யாரும் கேட்கவில்லை. புருவ முடி எடுக்கும் சின்ன இடுக்கியை ஃபர்சானா கையில் கொடுத்துவிட்டு, என் முதுகுக்கு ஒரு தலையணையை வைத்துவிட்டுப் போனாள். பேசத்தான் இல்லை. ஃபர்சானா அந்த இடுக்கியால் ஊசிகளை நிமிர்த்தினாள். போர்டு ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே போனது.

அதோடு விட்டதா? புதுப் போர்டைப் பெட்டி அடையாளம் காண ஒரு புதிய மென்பொருளை மெமரி கார்டில் ஏற்றிப் போட வேண்டுமாம். ஃபர்சானா, “நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சு வந்து நானே செய்றேன், நீங்க தொடாதீங்க” என்றாள். நான் தொட்டேன். என் கேமராவில் இருந்த கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டேன். அது ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது, மரியாதையாகச் சரி என்று அழுத்தினேன். கார்டு சுத்தமாகிவிட்டது. பங்குத் திருவிழாவில் நான் எடுத்த முந்நூற்று நாற்பது படங்களும், தேர்ப்பவனி, ஆயர், அன்னதானம் உட்பட, போய்விட்டன. பங்குச் சாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. தயவுசெய்து நீங்களும் சொல்ல வேண்டாம்.

மறுநாள் ஃபர்சானா வந்து மென்பொருளை ஏற்றினாள். அவள் போன பிறகு நானே ஒயரை மாட்டினேன். படம் வந்தது மச்சான், கண்ணாடி மாதிரி படம். ஆனால் கறுப்பு வெள்ளை. வானம் சாம்பல், கூரை சாம்பல், குடை சாம்பல். இரண்டு நாள் நான் டிவியைக் குறை சொன்னேன், போர்டைக் குறை சொன்னேன், அந்த ஐரோப்பாக்காரரை மனத்துக்குள் திட்டினேன். விளையாட்டுப் பெட்டிக்கே வயதாகி நிறம் செத்துவிட்டது போல என்று ஜெரார்டிடம் கண்கலங்கச் சொன்னேன். மூன்றாம் நாள், அதாவது நேற்று, ஃபர்சானா வந்து ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்தாள். “அங்கிள், மஞ்சளைப் பச்சை ஓட்டையில சொருகியிருக்கீங்க. மஞ்சள் ஓட்டை இந்தப் பக்கம் இருக்கு.” மாற்றிச் செருகினாள். குடை சிவப்பாயிற்று.

மாலை நான்கு மணி. அல்போன்சம்மாள் கூடத்துக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பித்தானை அழுத்தினாள், பூனை அழுத்திய கணத்தில் தாவியது. மச்சான், நான் நாற்பது வருடத்தில் உங்கள் தங்கையை அப்படிப் பார்த்ததில்லை. தோள் இரண்டும் பூனையோடு சேர்ந்து தாவுகிறது, கண் இமைக்கவில்லை, விரல்கள் பாட்டுக்குத் தாளம் போடுகிற மாதிரி போகின்றன. இவ்வளவு கெட்டிக்காரத்தனத்தை ஒரு தூங்குமூஞ்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தனியாகச் செய்துகொண்டிருந்திருக்கிறாள். அவள் பின்னால் நின்று ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். டானியலா சொன்ன ஒரு மாதமும் முடிந்துவிட்டது. டிவி பிரச்சினையும் தீர்ந்தது. வார்த்தை வரவில்லை. அப்படியானால் காரணம் டிவி இல்லை, வேறு ஏதோ பெரிய தப்பு என்று எனக்குப் பட்டது. எது என்று தெரியாததால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

யாரும் தொடுவதில்லை என்று சொன்னதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்பதே எனக்கு ஞாபகம் இல்லாமல் போயிருக்கிறது, டிவியைவிட அதுதான் தப்பு என்றேன். பிறகு பாடல்குழு பினாங்குக்குப் போனபோது சமைக்க ஆளில்லை என்று அவளைத் தடுத்ததைச் சொன்னேன். டானியலா பிறந்தபோது மருத்துவமனைக்கு நான் தாமதமாக வந்ததைச் சொன்னேன். செரம்பானில் உங்கள் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு ஷிப்ட் என்று சொல்லி வராமல் வீட்டில் உட்கார்ந்து கால்பந்து பார்த்ததைச் சொன்னேன், அதற்காக உங்களிடமும் இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவள் கொடுத்தனுப்பிய மத்தியானச் சோற்றை மூன்று வருடமாக, என்னோடு வேலை செய்த அதீஃபிடம் கொடுத்துவிட்டு நான் கேன்டீனில் நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு, சாப்பிட்டதையும் சொன்னேன். பூனை தாவிக்கொண்டே இருந்தது. சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் போனபோது அவள் ஒரு சீட்டை நீட்டினாள். “தள்ளி நிற்கவும். திரையில் நிழல் விழுகிறது.”

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் இரண்டு வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் எங்கள் நாற்பதாம் வருடக் கல்யாண வாக்குறுதியைப் புதுப்பிக்கிறோம். பத்திரிகை உங்களுக்கும் வந்திருக்கும். பங்குச் சாமியார் முந்நூறு பேருக்கு முன்னால் அல்போன்சம்மாள், உனக்குச் சம்மதமா என்று மைக்கில் கேட்பார். அவள் பைக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்து நீட்டினால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்? அவள் வாழ்க்கையில் யார் சொல்வதையாவது கேட்பாள் என்றால் அது நீங்கள்தான். முழங்கால் வலியைப் பார்க்காமல் இரண்டு நாள் முன்னதாகவே புறப்பட்டு வந்து, என் குற்றம் என்ன என்று கேட்டுச் சொல்லுங்கள். தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். குற்றம் தெரியாமல் இன்னொரு மாதம் தாங்க என்னால் முடியாது.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, நன்றாகச் சாப்பிட்டு, வீட்டில் இருக்கும் எந்தப் பழைய சாமானையும் கேட்காமல் வெளியே போடாமல் வாழ மாதா துணையிருக்கட்டும். மலேசியாவுக்கு ஒட்ட வேண்டிய ஸ்டாம்ப் வீட்டில் இல்லை. கீழே கடைக்குப் போய் வாங்கி வந்து இன்றே தபாலில் சேர்க்கிறேன்.

இப்படிக்கு,
களைத்துப்போன உங்கள் மைத்துனன்,
அற்புதராஜ்.

பின்குறிப்பு: அண்ணா, இது அல்போன்சா எழுதுவது. இவர் கடிதத்தை மேசையில் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார், படித்துவிட்டேன். உங்கள் முழங்காலோடு நீங்கள் அலைய வேண்டாம், பூசையன்று வந்தால் போதும். எனக்கு யார் மேலும் கோபமில்லை. தொண்டையில் சின்னதாக ஒரு கட்டி, கேன்சர் இல்லை, சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஒரு மாதம் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது, பாடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அந்தத் திங்கட்கிழமை விடியற்காலையில் இவருக்குக் கோப்பி கொடுக்கும்போதே எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு டிவியை எந்தப் பக்கமாக வெளியே எடுப்பது என்று அளந்துகொண்டிருந்தார். டிவி போனதில் எனக்கு வருத்தம்தான், அதை மறைக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமையே டாக்டர் இனிமேல் பேசலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் நாற்பது வருடத்தில் இவர் எனக்காக ஒரு ஸ்க்ரூவைக் கழற்றியது இதுதான் முதல் தடவை. நான் பேசினால் பாதியில் விட்டுவிடுவாரோ என்று வாயைத் திறக்கவில்லை. நேற்று மாலை கலர் வந்ததும் பேசத்தான் போனேன். அதற்குள் இவர் பின்னால் நின்று தப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதை யாராவது நிறுத்துவார்களா அண்ணா? அதில் இரண்டு எனக்கே தெரியாதவை. கேட்ட ஆர்வத்தில் இருபத்தெட்டாவது லெவலில் பூனையைத் தெருவில் விட்டுவிட்டேன்.

வீட்டில் நான் இருப்பதே ஞாபகம் இல்லாமல் போனதுதான் தப்பு என்று முதலில் சொன்னதை மறந்துவிடாமல் அவரே எழுத்திலும் வைத்திருக்கிறார். அதற்காக இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புகிறேன்.

வாசல் கிரில் திறக்கும் சத்தம் கேட்கிறது, ஸ்டாம்ப் வந்துவிட்டது. முப்பத்து நான்கு நாளுக்குப் பிறகு இப்போது இவரோடு பேசப் போகிறேன். முதலில், மூன்று வருடம் என் சோற்றைச் சாப்பிட்ட அந்த அதீஃப் யார் என்று கேட்க வேண்டும்.